பி வைட்டமின் குறைந்தால் மனம் பாதிக்குமா? சென்னையில் படித்த சுப்பாராவின் வாழ்க்கையில் இருக்கும் விடை

புளியங்குடி என்றதும் எலுமிச்சைதான் ஞாபகத்துக்கு வரும். தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கேரளா வரைக்கும் எலுமிச்சை மூட்டை மூட்டையாகப் போகிறது. எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கு, அது குறைந்தால் ஈறில் ரத்தம் கசியும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம்.

ஆனா அதே பிள்ளைகள் வாரம் ஒருமுறை வகுப்பில் வாங்கிப் போடுகிற நீல நிற மாத்திரையில் என்ன இருக்கு என்று கேட்டால், சத்து மாத்திரை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதில் இருப்பது இரண்டு பொருள். ஒன்று 60 மில்லிகிராம் இரும்புச்சத்து. இன்னொன்று 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பி வைட்டமின் குடும்பத்தில் பி9 என்று எண் கொடுக்கப்பட்ட வைட்டமின் அது.

இந்த ஃபோலிக் அமிலத்தை 1945-ல் முதன்முதலாகச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

பி வைட்டமின் என்றால் உடம்புக்குத் தெம்பு, வாய்ப்புண்ணுக்கு மருந்து என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மூளைக்கும் மனசுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு எதுவரைக்கும் உண்மை, எங்கே மிகைப்படுத்தப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள சுப்பாராவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டாலே போதும்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திராவில் இருக்கு. வசதியான குடும்பம் கிடையாது. 13 வயசில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். பாதி வழியிலேயே பிடித்து வந்துவிட்டார்கள்.

படிப்பிலும் பெரிய புலி என்று சொல்லிவிட முடியாது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி. நடுவில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடலாம் என்று ஆசை வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. மடத்திலும், டாக்டராகிச் சேவை செய் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் வந்தார்.

1919-ல் திருமணம் நடந்தது. மனைவி சேஷகிரி. மாமனார் கொடுத்த உதவியில்தான் படிப்பு ஓடியது.

காந்தியின் அழைப்பைக் கேட்டு அந்நியத் துணியைப் புறக்கணித்த இளைஞர்களில் இவரும் ஒருவர். அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் உடுப்போடு போனார். பிரிட்டிஷ் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கைக்கு வரவில்லை, அதற்குக் கீழ்நிலையில் இருந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான கதவு அதோடு மூடியது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார்.

அடுத்தடுத்து இரண்டு சாவு

அவர் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பியதற்கு ஒரு நோய் காரணம். ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். வெப்பமண்டல நாடுகளில் அந்தக் காலத்தில் பலரைக் கொன்ற குடல் நோய். மாதக்கணக்கில் வயிற்றோட்டம் போகும். சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சாது. நாக்கு வெந்து புண்ணாகும், உடம்பு வெளிறிப்போகும், ஆளே எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார்.

சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக, சில நாட்கள் இடைவெளியிலேயே இந்த நோய்க்குப் பலியானார்கள். பிறகு அவரையும் அதே நோய் பிடித்தது. ஆங்கில மருத்துவம் படித்தவரைப் பிழைக்க வைத்தது ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சை.

ஸ்ப்ரூ ஏன் ஆளைக் கொல்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குடல் சேதமாவதால் உணவில் இருக்கும் ஃபோலேட்டும், நாளடைவில் பி12-ம் உடம்பில் சேராமல் போய்விடுகிறது என்பது இன்றைக்குத் தெரியும். ஃபோலேட் என்பது கீரையிலும் பருப்பிலும் இயற்கையாக இருக்கும் அதே பி9 தான். ஆனா 1920-களின் தொடக்கத்தில் ஃபோலேட் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை.

ஹார்வர்டில் படிப்பு, ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை

வெப்பமண்டல நோய்களைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சென்னையில் சந்தித்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் கொடுத்த ஊக்கம், காக்கிநாடாவைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்றின் உதவி, மாமனார் கொடுத்த பணம். இத்தனையும் சேர்ந்து 1922 அக்டோபரில் அவரை பாஸ்டனில் இறக்கிவிட்டது.

ஹார்வர்டில் இடம் இருந்தது, கையில் காசு இல்லை. இங்கே வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டர் வேலை பார்க்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலச்சட்டியைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தார். பகலில் படிப்பு.

ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவிக்கு ஒரு பையன் பிறந்தான். அப்பா முகத்தைப் பார்க்காமலேயே கைக்குழந்தையாக இறந்துபோனான். சில வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று கிளம்பிய சுப்பாராவ், கடைசி வரைக்கும் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. சேஷகிரி அவரை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. சுப்பாராவின் சாதனைகளைச் சொல்கிற கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

உடம்புக்குள் ஓடும் காசு

டிப்ளமா முடித்த கையோடு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். 1925-ல் இருவரும் சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளவைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் இன்றைக்கும் படிப்பது இதைத்தான்.

அந்த முறையை வைத்து தசையைத் தோண்டிப் பார்த்தபோது 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. 1929-ல் ஏடிபி கிடைத்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக ஏடிபியைக் கண்டுபிடித்திருந்தார்.

ஏடிபியை உடம்பின் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளலாம். இதயம் துடிக்க, கை அசைய, மூளை யோசிக்க, எல்லாவற்றுக்கும் செல்கள் செலவழிப்பது இந்தக் காசைத்தான். நாம் சாப்பிடும் சோறு இந்தக் காசாக மாறுவதற்கு இடையில் பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் தயமின் எனும் பி1, நியாசின் எனும் பி3 போன்றவை இல்லாவிட்டால் வேலை அப்படியே நின்றுவிடும்.

உடம்பு எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான். ஆனா உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. காசுத் தட்டுப்பாடு வந்தால் முதலில் தடுமாறும் உறுப்புகளில் மூளை ஒன்று என்பதற்குக் காரணம் இதுதான்.

மனநல ஆஸ்பத்திரிகளை நிரப்பிய மக்காச்சோளம்

சுப்பாராவ் ஹார்வர்டில் இருந்த அதே காலத்தில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் தலைவிரித்து ஆடியது. தோல் கருகி உரியும், வயிற்றோட்டம் போகும், பிறகு புத்தி தடுமாறும். ஞாபகம் போய், குழப்பமாகி, இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதுமாக ஆகிவிடுவார்கள். மனநல ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்டவர்கள் ஏராளமாக அடைபட்டுக் கிடந்தார்கள். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே சுமார் 1 லட்சம் பேர் இந்த நோயால் இறந்ததாக ஒரு மதிப்பீடு இருக்கு.

தொற்றுநோய் என்றுதான் முதலில் நம்பினார்கள். இல்லை, சாப்பாட்டில்தான் கோளாறு என்று 1910-களிலேயே காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர். மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு என்றே சாப்பிட்டு வாழ்ந்த ஏழைகளுக்குத்தான் இந்த நோய் வந்தது. குறைந்த சத்து எது என்பது 1937-ல்தான் தெளிவானது. விஸ்கான்சினில் கான்ராட் எல்விஜெம், நாய்களுக்கு வரும் இதே மாதிரியான நோயை நியாசின் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். அடுத்த சில மாதங்களில் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். யார் என்ன என்று தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தவர்கள் சில நாட்களிலேயே தெளிந்து எழுந்தார்கள்.

மனநோய் என்று முத்திரை குத்தி அடைத்து வைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது வெறும் வைட்டமின் பற்றாக்குறை என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். பின்னாளில் நம் நாட்டிலும், தக்காணப் பகுதியில் சோளத்தையே பிரதான உணவாகச் சாப்பிட்டவர்களிடம் பெல்லாக்ரா இருந்ததை சி.கோபாலன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சுப்பாராவும் அந்த வருஷங்களில் கல்லீரல் சாற்றிலிருந்து ஒவ்வொரு பி வைட்டமினாகப் பிரித்தெடுக்கும் வேலையில்தான் மூழ்கியிருந்தார். பி5 எனும் பான்டோதெனிக் அமிலம் பற்றி 1939-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் உடன் இருந்தவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். பின்னாளில் 1988-ல் நோபல் வாங்கியவர். ஃபிஸ்கே தன்னிடம் வேலை பார்த்த சுப்பாராவின் கண்டுபிடிப்புகளை வெளியே வரவிடாமல் வைத்திருந்தார் என்று இதே ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். விரைவிலேயே அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

திருவல்லிக்கேணியில் ஒரு பெண் டாக்டர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியா வந்தார். பம்பாய் துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளைக் கடுமையான ரத்தசோகை ஒன்று கொன்றுகொண்டிருந்தது. ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்தால் அவர்கள் பிழைக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். குன்னூரிலும் அவர் வேலை பார்த்தார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். இன்றைக்கு அது கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. சுப்பாராவ் பள்ளிப் படிப்பை முடித்த அதே திருவல்லிக்கேணி!

மார்மைட்டில் இருந்த அந்த மர்மப் பொருளுக்கு வில்ஸ் காரணி என்று பெயர் வைத்தார்கள். 1941-ல் டெக்ஸாஸில் 4 டன் பசலைக்கீரையை அரைத்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் சூட்டினார்கள். பிற்பாடு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

டன் கணக்கில் கீரையை அரைத்தால் ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியாது. சுப்பாராவின் குழு அதன் வேதியியல் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-ல் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையில் 16 பேர் பெயர் இருக்கு. தலைவரான சுப்பாராவின் பெயர் அதில் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

பெல்லாக்ரா ஆராய்ச்சியில் பெயர் எடுத்திருந்த டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் இந்தப் புது மருந்தைக் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் தேறினார்கள். தன் சகோதரர்கள் செத்துப்போய் சுமார் 25 வருஷம் கழித்து, அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து சுப்பாராவின் கையிலேயே இருந்தது. இன்றைக்கும் வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு டாக்டர்கள் கொடுப்பது ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான். டெட்ராசைக்ளின் வகையில் முதலில் வந்த ஆரியோமைசினும் சுப்பாராவ் தலைவராக இருந்தபோது லெடர்லியில் பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்தது.

ரத்தம் சரியானது, நரம்பு சரியாகவில்லை

ஆனா சுப்பாராவ் கல்லீரலுக்குள் தேடிக்கொண்டிருந்தது ஃபோலிக் அமிலத்தை மட்டும் இல்லை. பெர்னீசியஸ் அனீமியா என்ற கொடிய ரத்தசோகைக்கான மருந்தும் அவருடைய இலக்கு. இந்த நோய் ரத்தத்தோடு நிற்காது. கால் மதமதக்கும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும், சிலருக்குச் சந்தேகமும் பிரமையும் வந்துவிடும். 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு பாஸ்டன் டாக்டர்கள், நிறைய கல்லீரல் சாப்பிடவைத்தால் நோயாளி பிழைக்கிறார் என்று காட்டி நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள். கல்லீரலில் இருக்கும் எந்தப் பொருள் காப்பாற்றுகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

ஃபோலிக் அமிலம்தான் அந்தப் பொருளோ என்று பலருக்கும் ஒரு நம்பிக்கை. கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் கிடுகிடுவென்று ஏறியது. வெளிறிய முகம் சிவந்தது. டாக்டர்களுக்குச் சந்தோஷம்.

சில மாதங்களில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ரத்தம் சரியான நோயாளிகளில் பலருக்கு நரம்புக் கோளாறு குறையவில்லை. சிலருக்கு முன்னைவிட வேகமாக மோசமானது. 1947 வாக்கில் விஷயம் உறுதியாகிவிட்டது. ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை மட்டும் மறைத்துவிடுகிறது. அடியில் இருக்கும் உண்மையான குறை, தண்டுவடத்தையும் மூளையையும் தின்றுகொண்டே இருக்கிறது.

அந்த உண்மையான குறை பி12. 1948 ஏப்ரலில் மெர்க் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். இங்கிலாந்திலும் அதே நேரத்தில் கிடைத்துவிட்டது. பல வருஷம் துரத்திய பொருளை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள்.

அதே 1948 ஆகஸ்ட் மாதம், பேர்ல் ரிவரில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்துபோனார். வயசு 53. அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் வாய்ப்பு 1946-லேயே இந்தியர்களுக்குத் திறந்திருந்தது, அவர் வாங்கவில்லை. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அவருடைய குழுவிலிருந்து வந்ததுதான். ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினை அவர்கள் தயாரித்துக் கொடுக்க, சிட்னி ஃபார்பர் அதைக் கொண்டு ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதன்முதலாகச் சிகிச்சை கொடுத்தார். இதெல்லாம் தனிக் கட்டுரைக்கான கதைகள். இந்திய அரசு 1995-ல் அவர் பெயரில் தபால்தலை வெளியிட்டது.

மூன்று முறை வேகவைத்த சாப்பாடு

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு? ஃபோலேட் குறைந்தால் மனசுக்கு என்ன ஆகும் என்பதை விக்டர் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1961-ல் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். சாப்பாட்டைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, அதிலிருந்த ஃபோலேட்டை எல்லாம் வெளியேற்றிவிட்டு மாதக்கணக்கில் அதையே சாப்பிட்டார். நான்காவது மாதத்தில் தூக்கம் கெட்டது, மறதி வந்தது. அடுத்து எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஃபோலிக் அமிலம் சாப்பிட ஆரம்பித்த இரண்டு நாளில் மனநிலை பழையபடி ஆகிவிட்டது. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

பி12 விஷயத்தில் 1960-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, அந்தக் குறைபாட்டால் மனநிலை பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிப் பேசியது. 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. பி12 குறைவால் நரம்பு அல்லது மனநலப் பாதிப்பு வந்த 141 பேரைப் பார்த்ததில், 40 பேருக்கு ரத்தசோகையோ, ரத்த அணுக்கள் பெரிதாகும் அறிகுறியோ இல்லவே இல்லை. அதாவது ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்பதற்காக பி12 குறைவு இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

வைட்டமின் கொடுத்தால் மனச்சிதைவு குணமாகுமா?

இங்கேதான் கதை மிகைப்படுத்தலுக்குள் போகிறது. பெல்லாக்ராவில் நியாசின் செய்த மாயத்தைப் பார்த்து, கனடாவில் ஏப்ரம் ஹோஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர்கள் 1950-களில் மனச்சிதைவு எனும் ஸ்கிட்சோஃப்ரினியா நோயாளிகளுக்கு நியாசினைப் பெரிய அளவில், கிராம் கணக்கில் கொடுத்தார்கள். நல்ல பலன் என்றும் அறிவித்தார்கள். மெகாவைட்டமின் சிகிச்சை என்று அது உலகம் முழுக்கப் பிரபலமானது.

மற்றவர்கள் முறையாகச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அமைத்த குழு, இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. நியாசினை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் கல்லீரல் பாதிக்கும் என்பது வேறு.

2013-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிட்டு வந்த 140 பேரில் ஒரு பகுதியினருக்கு ஃபோலிக் அமிலமும் பி12-ம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பெரிய வித்தியாசம் இல்லை. குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு மட்டும், பேச்சும் ஆர்வமும் குறைந்துபோகும் வகை அறிகுறிகளில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. டிப்ரஷன் உள்ள சிலருக்கு ஃபோலேட் குறைவாக இருப்பது உண்மை. ஆனா வைட்டமின் மாத்திரை டிப்ரஷன் மருந்துக்கு மாற்று கிடையாது.

வித்தியாசம் எளிமையானது. குறைபாட்டால் வந்த மனப் பாதிப்பு, குறையை நிரப்பினால் சரியாகும். குறைபாடே இல்லாதவருக்கு வைட்டமினைக் கொட்டினாலும் சிறுநீரில்தான் போகும். யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு மனநல மாத்திரையை நிறுத்துவதும், மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு டாக்டரைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தில் முடியும்.

நம்ம பக்கம் யாருக்கு இந்தச் சிக்கல் வரும்?

பி12 செடி கொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கு. ஆகவே சுத்த சைவம் சாப்பிட்டு, பாலும் குறைவாக எடுத்துக்கொள்பவர்கள் முதல் வரிசை. அடுத்து வயதானவர்கள். சாப்பாட்டில் இருக்கும் பி12-ஐ உறிஞ்சும் திறன் வயசாக ஆகக் குறைகிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரையை விடாமல் போடுபவர்களுக்கும் பி12 குறையலாம். அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடக் கூடாது. பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டாலே போதும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று மறக்க ஆரம்பிக்கிறார், காரணம் இல்லாமல் யார் மேலேயோ சந்தேகப்படுகிறார், கால் மதமதக்குது என்கிறார் என்றால், வயசாகிவிட்டது என்றோ, காத்துக் கருப்பு அடிச்சுட்டு என்றோ விட்டுவிட வேண்டாம். தாமதமானால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ மீட்க வாய்ப்பு அதிகம்.

பி1 விஷயத்தில் தென் மாவட்டங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். மில்லில் தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், அதாவது சுப்பாராவ் பிறந்த மண்ணில், பெரிபெரி நோய் ஒரு காலத்தில் சகஜம்.

இப்போது பி1 குறைவு அதிகம் தெரிவது விடாமல் குடிப்பவர்களிடம். சாப்பாடு குறையும், குடித்த மது பி1 உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். குழப்பம், தள்ளாட்டம், கண் சரியாக அசையாமை இந்த மூன்றும் வந்தால் அது வெர்னிக்கே நோயாக இருக்கலாம். போதை தெளியவில்லை என்று படுக்கப் போட்டுவிடுவார்கள். விட்டால் புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத கோர்சகாஃப் நிலைக்குப் போய்விடும். இது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். இப்படிப்பட்டவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம் என்பதால், குடிப்பழக்கம் இருப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மனநலம் தொடர்பாக யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பள்ளிக்கூட நீல மாத்திரை பற்றிப் பயம் வேண்டாம். ஃபோலிக் அமிலம் பி12 குறைவை மறைத்துவிடும் என்ற எச்சரிக்கை, பெரியவர்கள் தினமும் 1000 மைக்ரோகிராமுக்கு மேல் சாப்பிடுவது பற்றியது. வாரத்துக்கு ஒன்று என்பது அதற்கு ரொம்பக் கீழே. பெரியவர்களுக்கு ரத்தசோகைக்காக 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதுதான் பி12 அளவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே குறைவாக இருந்தால், டாக்டர்கள் முதலில் பி12-ஐத்தான் தொடங்குவார்கள். ஃபோலிக் அமிலம் அதற்குப் பிறகுதான்.